ரொறன்ரோவில் தங்கச்சியின் எழுத்தைத் தேடி

விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார். ஒரு கடதாசி தேட வந்தேன் என்றேன். பிள்ளைகளைப் பார்க்க, பேரனின் பிறந்தநாளுக்கு, நயாகராவுக்கு என்றே கேட்டுப் பழகிய மனிதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன கடதாசி?"

"என் தங்கச்சியின் கலியாணப் பதிவு. அவள் அனுப்பினாள். நீங்கள் தொலைத்துவிட்டீர்கள்."

அந்த 'நீங்கள்' அவரையும் சேர்த்துத்தான் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். முத்திரையைக் குத்தினார். வெளியே தங்கச்சியின் மகள் அபி, எனக்கென்று ஒரு தடித்த குளிர்ச்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சித்திரை மாதம் முடிகிறது, இன்னும் குளிர்ச்சட்டை. கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பத்தொரு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் ஓர் அரச கந்தோரின் பதிவுப் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பிறப்பு, இறப்பு, விவாகம் எல்லாம் என் கையால் போனவை. விவாகப் பதிவை நாங்கள் எழுத்து என்போம். என் தங்கச்சி தேவி இளம் வயதிலேயே கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு கடைப் பிளாசாவுக்குள் இருந்த கோயிலில் சிவத்தைக் கலியாணம் செய்தவள். சென்ற ஆண்டு சிவம் போய்விட்டார். கோண்டாவிலில் அவர் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. அதைத் தேவியின் பெயருக்கு மாற்றப் போனபோது சிவத்தின் தமையன் வழக்குப் போட்டார். போட்டதோடு நிற்காமல், ஊரில் நாலு பேர் முன்னால் ஒரு சொல்லும் சொன்னார். "எழுத்து இல்லாமல் இருந்தவளுக்கு என்ன உரிமை?"

முப்பது ஆண்டுகள் ஒரே சமையலறையில் சமைத்தவளைப் பார்த்துச் சொன்ன சொல் அது.

தேவி இங்கே சான்றிதழுக்கு விண்ணப்பித்தாள். அரசாங்கத்திடமிருந்து பதில் வந்தது: அந்தப் பெயர்களில் அப்படி ஒரு திருமணம் பதிவாகவில்லை. அன்றைக்கு அவள் தொலைபேசியில் அழுததை என்னால் மறக்க முடியாது. "வீடு எனக்கு வேண்டாம் அக்கா. அவர் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கவேணும். நீ வந்து பார். உனக்குத்தான் உந்தக் கடதாசியள் விளங்கும்." வழக்குத் தவணைக்கு இரண்டரை மாதம் இருந்தது. வந்துவிட்டேன்.

தேவியின் வீடு மோர்னிங்சைட்டில், பதினோராம் மாடி. கதவைத் திறந்ததும் என் கண்ணில் பட்டது, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நீலப் பை. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று தொங்கியது. ஷெல் அடி தொடங்கினால் பிள்ளையை ஒரு கையிலும் அந்தப் பையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். இந்தப் பதினோராம் மாடியில் எந்த ஷெல் வரப்போகிறது என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லையே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது.

பிட்டும் உறைபெட்டியில் இருந்து எடுத்த மீனும் சாப்பிட்டோம். பிட்டு நன்றாகவே இருந்தது. மீனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு தேவி ஒரு போட்டோக்கொப்பியை மேசையில் வைத்தாள். திருமணப் படிவம். மாப்பிள்ளை, பெண், இரண்டு சாட்சிகள், ஐயர் என்று ஐந்து கையெழுத்தும் ஒழுங்காக இருந்தன. ஐயரின் பதிவு எண்கூட இருந்தது. இதைவிட ஒழுங்கான படிவத்தை என் மேசையில் நான் கண்டதில்லை.

"இதை அரசாங்கத்துக்கு அனுப்பினது ஆர்?"

"நான்தான். என்ரை கையாலை தபால் பெட்டியிலை போட்டனான். ஐயர் விலாசம் எழுதின என்வலப்பையும் தந்தவர்."

"வடிவா ஞாபகம் இருக்கோ?"

"ஓமக்கா, சினோவுக்குள்ளை, அந்தப் பனியிலை நடந்து போய்ப் போட்டது. சறுக்கியும் விழுந்தனான்."

சறுக்கி விழுந்தது வரை ஞாபகம் இருக்கிறவள் பொய் சொல்லமாட்டாள். அப்படியானால் தொலைத்தது அவர்கள்தான். அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த நாள், அபி வேலைக்குப் போய்விட்டதால், நானும் தேவியும் பஸ்ஸில் போனோம். பஸ் பாதி வழியில் வீதி வேலை என்று வேறு பக்கம் திரும்பி, எங்களை ஒரு சவக்காலையின் கல்லறைகளுக்கு முன்னால் இறக்கிவிட்டது. அங்கிருந்து இருபது நிமிட நடை. கடைத்தொகுதி ஒன்றுக்குள்ளே, சப்பாத்துக் கடைக்குப் பக்கத்தில் அரசாங்கக் கருமபீடம், இங்கே கவுண்டர் என்கிறார்கள். இலக்கத் துண்டு, மெத்தைக் கதிரை, சுவரில் தொலைக்காட்சி எல்லாம் இருந்தன.

கருமபீடத்தில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, பதிவு இல்லை என்றாள். நான் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"புத்தகமா? எல்லாம் கணினியில் இருக்கிறது, அம்மா. அந்த அலுவலகமும் இங்கே இல்லை. வடக்கே, காரில் போனால் பதினைந்து மணி நேரம்."

"முந்திய ஆண்டும் பிந்திய ஆண்டும் பார்த்தீர்களா?"

"கணினி பார்த்திருக்கும்."

"கணினி பார்த்திருக்கும் என்றால்? நீங்கள் பார்த்தீர்களா?"

அதற்கும் ஒரு சிரிப்பு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் கந்தோரில் சனத்தின்மேல் சீறி விழுவோம், ஒப்புக்கொள்கிறேன். நானும் விழுந்திருக்கிறேன். ஆனால் சீறிவிட்டு எழும்பிப் போய் இறாக்கையில் அடுக்கிய புத்தகங்களில் தேடுவோம். "மாரி காலம், பெரிய வெள்ளத்துக்குப் பிறகு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்த ஒரு மனிசனுக்கு அரை மணி நேரத்தில் பதிவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஊரோடு இடம்பெயர்ந்தபோது, எங்கள் உடுப்புகளை விட்டுவிட்டுப் பதிவேடுகளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, மழைக்குத் தறப்பாள் போட்டு மூடி, அதன்மேல் இருந்து போனவர்கள் நாங்கள். ஒரு புத்தகம் நனையவில்லை. குண்டு ஒன்றும் விழாத ஊரில், மெத்தைக் கதிரை போட்டுவிட்டு, பதிவு இல்லையாம்.

இவ்வளவையும் அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பின்னால் நின்றவர்களும் கேட்டார்கள். கடைசியில், நகர மையத்தில் திருமண அனுமதி கொடுக்கும் இடத்தில் விசாரிக்கலாம் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தாள்.

பக்கத்துப் பிளாசாவில் மட்டன் ரோல்ஸும் தேநீரும் வாங்கினோம். அடுத்த மேசையில் இருந்த ஒருவர் எங்கள் கதையை முழுக்கக் கேட்டிருந்தார் போலும், திரும்பினார். "அன்ரி, கொலர் பிடிச்சுக் கேட்டாலும் உவங்கள் சிரிச்சுக்கொண்டுதான் இல்லையெண்டுவாங்கள். நான் மூண்டு வரியமா என்ரை பேத்டேயை மாத்த அலையிறன்." அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ரோல்ஸ் மட்டும் யாழ்ப்பாணத்தை விட நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாம் நாள் அபி லீவு போட்டாள். மூவரும் நகர மையத்துக்குப் போனோம். அங்கே ஒரு முதியவர் கணினியைத் தட்டி, இருக்கிறது என்றார். தேவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அது அனுமதிப் பத்திரத்தின் பதிவு மட்டும்தான்.

"இவர்கள் திருமணம் செய்ய அனுமதி எடுத்தார்கள் என்று நான் எழுதித் தரலாம். செய்தார்களா என்பது எங்களுக்குத் தெரியாது" என்றார் அவர்.

செய்தார்களா! முப்பது ஆண்டு, ஒரு மகள், ஒரு மாரடைப்பு, ஒரு செத்தவீடு. இதற்குப் பிறகும் இந்த ஊருக்குச் சந்தேகம். அபியை முன்னால் இழுத்து நிறுத்தி, "இவள் என்ன, அனுமதிப் பத்திரத்தில் இருந்து பிறந்தவளா?" என்று கேட்டேன். "பெரியம்மா, ப்ளீஸ், குரலைக் குறையுங்கோ" என்று அபி சிவந்துபோனாள். முதியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் பிழை இல்லை. ஆனால் எதிரில் இருந்தவர் அவர்தானே.

திரும்பும்போது இரட்டைத்தட்டு ரயிலில் மேல் தட்டில் இருந்தோம். ஏறும்போது ஒருவரும் அறிவிப்புப் பலகையைப் பார்க்கவில்லை. அது விரைவு வண்டி. ஸ்காபரோவின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக யன்னலில் ஓடின. வேலை முடிந்தவர்கள் நித்திரையில் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தார்கள். நாங்கள் இறங்கியது பிக்கரிங்கில். ஏரியில் இருந்து வந்த காற்று சேலைக்குள் புகுந்து எலும்பைத் தொட்டது. எதிர்ப்பக்க வண்டிக்காக நின்றபோது தேவி, "எங்கடை ஐயர் இப்ப இஞ்சைதான் மகனோடை இருக்கிறாராம்" என்றாள்.

"அவரை இப்ப என்ன செய்ய? மந்திரமா சொல்லப்போறார்?" என்று எரிந்து விழுந்தேன்.

அந்த வார முடிவில் அபி நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கனடாவுக்கு வந்து நயாகரா பார்க்காமல் போனால் ஊரில் கேட்பார்களாம். தண்ணீர் விழுகிறது, உண்மைதான். நிறையவே விழுகிறது. அதைப் பார்க்கக் காருக்கு இடம் பிடிக்க முக்கால் மணி நேரம். வீதி முழுக்க மெழுகுப் பொம்மைக் கடை, பேய் வீடு, இனிப்புக் கடை. அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன வெள்ளைக் கட்டிடம், வாசலில் பிளாஸ்டிக் பூ வளைவு. வருகிறவர்களுக்கு அரை மணி நேரத்தில் கலியாணம் செய்து வைக்கிற இடமாம். எங்கள் கண் முன்னாலேயே ஒரு சோடி வெளியே வந்தது. பெண்ணின் வெள்ளை உடுப்புக்குக் கீழே ஓட்டச் சப்பாத்து.

எனக்குத் தாங்கவில்லை. ஓட்டச் சப்பாத்தோடு வருகிறவளுக்குப் பதிவு இருக்கும், என் தங்கச்சிக்கு இல்லை. கறுப்பு அங்கி போட்ட ஓர் அம்மாள் வாசலில் நின்று கை அசைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் நேரே போனேன்.

"இவர்களின் படிவம் தொலைந்து போனால் யார் பொறுப்பு?"

அவர் கோபிக்கவில்லை. "தொலையாது. நான்தான் அனுப்புவேன். இன்றைக்கே."

"அவர்கள் கையில் கொடுக்கமாட்டீர்களா?"

"ஐயோ, ஒருபோதும் இல்லை" என்று சிரித்தார். "அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அவர்களுக்கு ஞாபகத்துக்கு வேறொரு துண்டு கொடுப்போம். மூலப் படிவம் நேரே அரசாங்கத்துக்குப் போகவேண்டும்."

ஒன்றே ஒன்றுதான். வீடு திரும்பும் வழியெல்லாம் அது என் தலைக்குள் இருந்தது. எங்கள் ஊரில் பதிவாளர் புத்தகத்தோடு வீட்டுக்கு வருவார், நாங்கள் கையெழுத்துப் போடுவோம், புத்தகம் அவரோடு போய்விடும். மாப்பிள்ளை பெண்ணின் கையில் மூலம் வரவே வராது. இங்கே ஐயர் அதைத் தேவியிடம் கொடுத்திருக்கிறார். அதுவே பிழை. சரி, அவள் தபாலில் போட்டுவிட்டாள் என்றால், பிறகு போட்டோக்கொப்பி எடுத்தது எதிலிருந்து? போடுவதற்கு முன்பே எடுத்து வைத்திருப்பாளாக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இருந்தாலும் ஐயரைப் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

எட்டாம் நாள் பிக்கரிங்கில் ஐயரின் வீடு. ஒரே மாதிரியான புது வீடுகள் ஐம்பது நிற்கிற தெருவில், மாவிலை கட்டிய கதவைத் தேடிக் கண்டுபிடித்தோம். வயதாகிவிட்டது, ஆனால் தேவியைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டேன்.

"ஐயா, நீங்கள் அனுப்பவேண்டிய படிவத்தை எதுக்கு இவளிட்டைக் குடுத்தனீங்கள்?"

ஐயர் கையைப் பிசைந்தார். "பிழைதான் அம்மா. அண்டைக்கு மூண்டு கலியாணம். சினோ வேறை. பிள்ளை, போற வழியிலை தபால் பெட்டி இருக்கு, போட்டுவிடு எண்டு குடுத்தனான். போட்டனியோ பிள்ளை?"

"போட்டனான் ஐயா. சறுக்கி விழுந்தும் போட்டனான்" என்றாள் தேவி.

ஐயர் போட்டோக்கொப்பியை வாங்கி, யன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். ஒரு மூலையைச் சுட்டிக் காட்டினார். அங்கே மெல்லியதாக ஒரு கோடு, வட்டமாக வளைந்து ஓடியது. "இதென்ன, மேலை பிளாஸ்டிக் போட்ட பிறகு எடுத்த கொப்பி போலை கிடக்கு?"

முப்பத்தொரு ஆண்டுகள் கடதாசி பார்த்த என் கண்ணுக்கு அந்தக் கோடு எட்டு நாளாகத் தெரியவில்லை. கோபத்தில் இருக்கிறவளுக்குக் கண் வேலை செய்யாது போலும். மெதுவாகத் திரும்பினேன்.

"தேவி. நீ தபாலிலை போட்டது எது?"

"இந்தப் படிவம்தான்."

"அசலோ, கொப்பியோ?"

தேவி என்னை மடைச்சியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அசலை ஆரும் தபாலிலை போடுவினமே அக்கா? கொப்பிதான் போட்டனான். கலரிலை எடுத்து, நல்ல கொப்பி. அசலை அப்பவே லாமினேட் பண்ணிப்போட்டன். இது லோயருக்கெண்டு போன வரியம் எடுத்த கொப்பி."

"அசல் எங்கை?"

"பைக்குள்ளை."

கதவுக்குப் பின்னால் தொங்கிய நீலப் பை. முதல் நாளே கண்டு நான் சந்தோஷப்பட்ட பை. எனக்கு வந்த கோபத்தில் ஐயர் வீடு என்றும் பார்க்கவில்லை. "உனக்கு அறிவிருக்கோ? அரசாங்கம் கேட்டது அசலை! ஆர் உனக்கு இப்பிடிச் செய்யச் சொன்னது?"

தேவி சத்தம் போடவில்லை. "நீதான் அக்கா. என்னைக் கொழும்பு பஸ்ஸிலை ஏத்தேக்கை சொன்னனி. அசலை ஆர் கேட்டாலும் குடாதை, அரசாங்கம் கேட்டாலும் குடாதை, கொப்பியைக் குடு எண்டு."

சொன்னேன். தேவிக்கு மட்டுமா, என் கருமபீடத்துக்கு வந்த எல்லோருக்கும் சொன்னேன். அப்போது அது நல்ல புத்தி. சோதனைச் சாவடியில் அசலைக் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கவில்லை. முகாமில் கொடுத்தவர்களும் வாங்கவில்லை. பிளாஸ்டிக் போடுங்கோ, பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிடுங்கோ என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஐயர் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, இந்த எட்டு நாளும் நான் யார் யாரைத் திட்டினேன் என்று எண்ணிப் பார்த்தேன். மெத்தைக் கதிரைப் பெண், தலை குனிந்த முதியவர், விமான நிலையத்து மனிதர். வெட்கமாக இருந்தது. ஐயரின் மருமகள் கோப்பி கொண்டுவந்து தந்தாள். குடித்தேன்.

அபி தொலைபேசியில் வடக்கே இருந்த அந்த அலுவலகத்தில் கேட்டாள். ஆண்டுகள் கழிந்தாலும் பதியலாம், ஐயரின் சத்தியக் கடதாசியும் மூலப் படிவமும் வேண்டும், பிளாஸ்டிக் போட்டிருந்தாலும் பரவாயில்லை, ஆனால் மூலம்தான் வேண்டும் என்றார்கள்.

பதினோராம் நாள் மறுபடியும் சப்பாத்துக் கடைப் பக்கத்துக் கருமபீடம். அதே பெண். என்னைக் கண்டதும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தாள். ஐயர் சத்தியக் கடதாசியைக் கொடுத்தார். தேவி நீலப் பையைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றியதை எடுத்தாள். பிளாஸ்டிக்குக்குள் சிவத்தின் கையெழுத்து, நீல மையில், நேற்றுப் போட்டது போல இருந்தது. அதன் கீழே ஒரு சொட்டுக் குங்குமமும் அகப்பட்டிருந்தது.

"அக்கா, திருப்பித் தருவினமோ?"

"தரமாட்டினம்" என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இது அங்கை இருந்தால்தான் நீ பெண்சாதி. குடு."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனாலும் நீட்டினாள். கருமபீடத்துப் பெண் மறு ஓரத்தைப் பிடித்தாள். கடதாசி அசையவில்லை. பெண் மெதுவாக இழுத்துப் பார்த்தாள். அப்போதும் அசையவில்லை.

"விடு தேவி" என்றேன்.

"நான் விட்டுட்டன் அக்கா" என்றாள் தேவி. "நீதான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்."

குனிந்து பார்த்தேன். என் இரண்டு விரல்கள் பிளாஸ்டிக்கின் ஓரத்தை வெள்ளையாகும் வரை பிடித்திருந்தன. விரல்களை எடுப்பதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தப் பெண்ணிடம் போன தடவை சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை அம்மா என்றாள், அதே சிரிப்போடு. அது உண்மையான சிரிப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் ஊர் திரும்பி, தவணைக்குப் பத்து நாள் இருக்கையில் சான்றிதழ்கள் வந்தன. ஒன்று நேரே எங்கள் வழக்கறிஞருக்கு, மற்றது தேவிக்கு. தேவி தன்னுடையதைப் படம் எடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல், சிவத்தின் தமையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாளாம். அன்று பின்னேரமே என்னை அழைத்தாள்.

"மச்சான் பாத்திட்டார் அக்கா. பிறகு ஒரு மெசேஜ். படத்தை எப்பிடி நம்புறதாம், அசலை அனுப்பட்டாம், தான் கையிலை வைச்சுப் பாக்கவேணுமாம்."

"நீ என்ன சொன்னனி?"

"அசல் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

"சரியாச் சொன்னாய்" என்றேன்.